துணை மருத்துவப் படிப்பு: விண்ணப்பம் முதல் வேலைப் பதிவு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் 2 தேர்வு முடிவு வெளிவரும் வாரத்தில், எங்கள் டயாலிசிஸ் பிரிவின் வாசலில் யாராவது ஒரு தந்தையோ தாயோ என்னை நிறுத்திப் பேசுவார்கள். பெரும்பாலும் நோயாளியின் உறவினர்கள். "மகள் உயிரியல் பிரிவில் படித்தாள். எம்பிபிஎஸ் கிடைக்காது போலிருக்கிறது. இந்தப் படிப்பில் சேர்த்துவிடலாமா? எந்தக் கல்லூரி நல்லது?" நான் உடனே கல்லூரிப் பெயர் எதுவும் சொல்வதில்லை. மகளை ஒருநாள் அழைத்து வரச் சொல்கிறேன். பொறுப்பு மருத்துவரிடம் அனுமதி வாங்கி, ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார வைக்கிறேன். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், கையில் இரண்டு ஊசிகளோடு படுத்திருக்கும் மனிதர்களை அந்தப் பெண் பார்க்கட்டும். இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி ஒருவர் வியர்த்துப்போகும்போது, முதலில் ஓடிப்போய் நிற்பது யார் என்று பார்க்கட்டும். அதன் பிறகு கல்லூரியைப் பற்றிப் பேசலாம்.

18 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். பாதிக்கு மேற்பட்ட ஆண்டுகள் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தும் வருகிறேன். என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: துணை மருத்துவப் படிப்பு நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் நடக்கிறது. ஆகவே மருத்துவமனையை விசாரித்த பிறகே கல்லூரிக்குப் பணம் கட்டுங்கள். மாணவர் விதிகளைப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். கீழே எழுதியிருப்பவை எல்லாம் தமிழ்நாட்டு மாணவர்களை மனதில் வைத்து எழுதியவை.

படி 1: எந்தத் தொழில் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

துணை மருத்துவம் என்ற ஒரு பெயருக்குள் பல தொழில்கள் இருக்கின்றன. 2021 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் அவற்றைப் பத்து வகைகளாகப் பிரித்திருக்கிறது. ஆய்வகம், அறுவை அரங்கமும் மயக்கவியலும், பிசியோதெரபி, ஊட்டச்சத்து, கண் பராமரிப்பு, தொழில்வழிச் சிகிச்சை, சமூகப் பராமரிப்பும் மனநலமும், கதிரியக்கம், டயாலிசிஸ், இதயம், சுவாசம் போன்ற மருத்துவத் தொழில்நுட்பங்கள், மருத்துவ ஆவண மேலாண்மை என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. செவிலியர், மருந்தாளுநர் படிப்புகளுக்குத் தனி ஆணையமும் குழுமமும் உண்டு. அவை இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. என்று தொடங்கும் படிப்புகள்தான் அதிகம். ரேடியோகிராபி, டயாலிசிஸ், கார்டியாக் டெக்னாலஜி, கிரிட்டிகல் கேர், ஆபரேஷன் தியேட்டர் மற்றும் அனஸ்தீசியா, விபத்து மற்றும் அவசர சிகிச்சை, ரெஸ்பிரேட்டரி தெரபி, பிசிஷியன் அசிஸ்டென்ட் ஆகியவற்றை மூன்று ஆண்டுப் படிப்பும் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பும் சேர்த்து நான்கு ஆண்டு என்ற கணக்கில் நடத்தி வருகிறார்கள். பிசியோதெரபி நீண்ட காலமாக நான்கரை ஆண்டுப் படிப்பாக இருந்தது. தேசிய ஆணையம் 2025-ல் வெளியிட்ட புதிய பாடத்திட்டம் அதை, ஓராண்டு இன்டர்ன்ஷிப் உட்பட, ஐந்து ஆண்டாக்குகிறது. மற்றப் படிப்புகளுக்கும் புதிய பாடத்திட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அதனால் சேரும்போதே கேளுங்கள்: "என் பேட்ச் எந்தப் பாடத்திட்டத்தின் கீழ் வருகிறது? மொத்தம் எத்தனை ஆண்டு?" ஓராண்டு கூடினால் கட்டணமும் விடுதிச் செலவும் கூடும்.

தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். அந்த வேலையின் ஒரு நாளைக் கற்பனை செய்து பாருங்கள். ரேடியோகிராபி விரும்புபவருக்கு இயற்பியல் பிடிக்க வேண்டும், ஏனென்றால் முதல் ஆண்டில் பலர் தடுக்கி விழுவது அங்கேதான். பெர்ஃபியூஷன் படித்தவர், இதய அறுவைச் சிகிச்சையின்போது இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையைச் செய்யும் இயந்திரத்தை இயக்குகிறார். மிக நுட்பமான, மதிப்பான வேலை. ஆனால் இதய அறுவைச் சிகிச்சை நடக்கும் மருத்துவமனைகளில் மட்டுமே அந்த வேலை இருக்கும். சொந்த ஊரிலேயே இருந்து வேலை பார்க்க வேண்டும் என்ற குடும்பச் சூழல் உள்ளவருக்கு அது பொருந்தாது. ஆய்வகத் தொழில்நுட்பம் படித்தவருக்கோ தாலுகா அளவில்கூட இடம் கிடைக்கும். பேச்சு, கேட்டல் துறையில் ஒரு குழந்தை முதல் சொல்லைச் சொல்ல மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

படி 2: அங்கீகாரத்தை மூன்று இடங்களில் சரிபாருங்கள்

முதல் இடம், பல்கலைக்கழகம். சென்னை கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் 1987-ல் இயற்றிய சட்டத்தின்படி உருவாகி, 1988 முதல் இயங்கிவருகிறது. மாநிலத்தின் அரசுக் கல்லூரிகளும் பெரும்பாலான தனியார் கல்லூரிகளும் அதனோடு இணைந்தவை. இவை தவிர நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தாங்களே பட்டம் வழங்குகின்றன.

இரண்டாவது இடம், அந்தக் குறிப்பிட்ட படிப்பு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கல்லூரிக்கு இணைப்பு இருக்கும். ஐந்து படிப்புகளுக்கு அனுமதியும் இருக்கும். ஆறாவது படிப்புக்கு "அனுமதி வந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லிச் சேர்ப்பார்கள். வந்துகொண்டிருக்கும் அனுமதியை நம்பி ஒரு பிள்ளையின் நான்கு ஆண்டுகளை அடகு வைக்காதீர்கள். இணைக்கப்பட்ட கல்லூரிகளையும் அவற்றின் படிப்புகளையும் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். அதில் உங்கள் படிப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது இடம், தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு. பேச்சு, கேட்டல் துறையும் செயற்கை உறுப்புத் துறையும் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் கீழ் வருகின்றன. அந்தக் குழுமத்தின் பதிவு எண் இல்லாமல் அத்துறைகளில் தொழில் செய்ய முடியாது. மற்றவை தேசிய ஆணையத்தின் கீழும் மாநிலக் குழுமத்தின் கீழும் வருகின்றன.

2021 சட்டத்தில் ஒரு முக்கியமான கணக்கு இருக்கிறது. இணைச் சுகாதாரப் பணியாளர் என்று ஒருவரை ஏற்க, இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் குறைந்தது 2000 மணி நேரம் படித்துப் பெற்ற டிப்ளமோவோ பட்டமோ வேண்டும். சுகாதாரத் தொழில்முறையாளர் என்ற அடுத்த நிலைக்கு, மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3600 மணி நேரப் பட்டப்படிப்பு வேண்டும். பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் நடக்கும் ஆறு மாத "டயாலிசிஸ் டிப்ளமோ"வை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படிப் படித்துவிட்டு எங்களிடம் வேலை கேட்டு வரும் இளைஞர்களைத் திருப்பி அனுப்புவது எனக்கு மிகவும் வலிக்கும் வேலை. அவர்கள் தவறு எதுவும் செய்யவில்லை, விளம்பரத்தை நம்பினார்கள்.

தொலைநிலைக் கல்வியில் பிசியோதெரபியோ பிற துணை மருத்துவப் படிப்புகளோ படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதிப்பதில்லை. 2021 சட்டத்தின் வரம்புக்குள் வரும் உளவியல், ஊட்டச்சத்து போன்றவற்றுக்கும் 2025-ல் அந்தத் தடை நீண்டது. "வேலை பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து பட்டம்" என்று யார் சொன்னாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரிகளே நடத்தும் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகள் வேறு வகை. ஈசிஜி, டயாலிசிஸ், மயக்கவியல், அறுவை அரங்கம் போன்றவற்றில் டெக்னீஷியன் பயிற்சி தருகிறார்கள். கட்டணம் மிகக் குறைவு, நோயாளிகள் ஏராளம். குடும்பத்துக்கு உடனடியாக ஒரு வருமானம் தேவை என்றால் நல்ல வழி. ஆனால் ஓராண்டு என்பது மேலே சொன்ன இரண்டு ஆண்டுக் கணக்கை எட்டாது. அதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

படி 3: விண்ணப்பம்

மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கான துணை மருத்துவப் பட்டப்படிப்புக் கலந்தாய்வைச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு நடத்துகிறது. பல ஆண்டுகளாக இது இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்களை வைத்தே நடந்து வந்திருக்கிறது. உயிரியலுக்குப் பதிலாகத் தாவரவியலும் விலங்கியலும் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். கணிதமும் கணினி அறிவியலும் மட்டும் படித்தவர்களுக்குப் பெரும்பாலான கதவுகள் மூடியிருந்தாலும், பேச்சு, கேட்டல் பட்டப்படிப்பு உயிரியல் இல்லாதவர்களையும் ஏற்கிறது. நுழைவுத் தேர்வு தேவையா என்பது படிப்புக்குப் படிப்பு, ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடிய விஷயம். அந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை (பிராஸ்பெக்டஸ்) முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். போன ஆண்டு சேர்ந்த பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். புதுச்சேரி ஜிப்மர் தன் துணை மருத்துவ இடங்களை நீட் மதிப்பெண் அடிப்படையில் நிரப்புகிறது. முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனத்தையும், 1965-ல் தொடங்கிய மைசூர் அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனத்தையும் நம் மாணவர்கள் பலர் கவனிப்பதே இல்லை. இரண்டும் மத்திய அரசு நிறுவனங்கள். மறுவாழ்வுத் துறையில் ஆர்வம் இருந்தால் கட்டாயம் விசாரியுங்கள்.

இட ஒதுக்கீடு மாநிலத்தின் வழக்கமான 69 சதவீதம்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18, அதற்குள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினர் 1. அரசுக் கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 5 சதவீதம் என்று 2016 சட்டம் சொல்கிறது.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், தேவைப்படுவோருக்கு இருப்பிடச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். ஜூனில் தாலுகா அலுவலகத்தில் நிற்கும் வரிசையை நான் பார்த்திருக்கிறேன். மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்காதவர்கள் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றிதழையும் வாங்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைவடைந்திருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி.

இன்னொன்று, பெயர். நம் ஊரில் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "எஸ். கவிதா", ஆதாரில் "கவிதா செல்வம்", பாஸ்போர்ட்டில் இன்னொன்று என்று இருந்தால், அந்தச் சிக்கல் பட்டச் சான்றிதழ் வரை தொடரும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். இது எதற்கு என்பது கடைசிப் படியில் புரியும்.

படி 4: மருத்துவமனையைப் போய்ப் பாருங்கள்

இதற்கு ஒரு முழுநாளை ஒதுக்குங்கள். கல்லூரியின் கட்டடத்தையும் குளிரூட்டிய அரங்கத்தையும் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, "மாணவர்கள் பயிற்சி பெறும் மருத்துவமனை எது?" என்று கேளுங்கள். சொந்த மருத்துவமனையா, ஒப்பந்தம் போட்ட வெளி மருத்துவமனையா? வெளி மருத்துவமனை என்றால் எவ்வளவு தூரம், போக்குவரத்து யார் பொறுப்பு, ஒப்பந்தம் எந்த ஆண்டு வரை? ஒப்பந்தம் பாதியில் முறிந்து, மாணவர்கள் பயிற்சியே இல்லாமல் நூலகத்தில் உட்கார்ந்திருந்ததை நான் அறிவேன்.

பிறகு மருத்துவமனைக்குள் போங்கள். காலை பத்து மணிக்கு வெளிநோயாளர் பிரிவில் கூட்டம் இருக்கிறதா? நோயாளிகள் இல்லாத மருத்துவமனையில் எவ்வளவு நல்ல ஆசிரியர் இருந்தாலும் கற்க ஒன்றும் இல்லை. டயாலிசிஸ் படிப்பு என்றால் எத்தனை இயந்திரங்கள், ஒரு நாளைக்கு எத்தனை ஷிப்ட் என்று கேளுங்கள். பத்து இயந்திரங்களில் மூன்று ஷிப்ட் என்றால் நாளைக்கு முப்பது நோயாளிகள். அங்கே ஒரே நேரத்தில் நாற்பது மாணவர்கள் நின்றால், உங்கள் பிள்ளை கைகட்டி வேடிக்கை பார்க்கத்தான் முடியும். இதே கணக்கை எந்தப் படிப்புக்கும் போடலாம்: ஆய்வகத்தில் நாளொன்றுக்கு எத்தனை மாதிரிகள், ஸ்கேன் பிரிவில் எத்தனை பரிசோதனைகள், பெர்ஃபியூஷன் என்றால் மாதத்துக்கு எத்தனை இதய அறுவைச் சிகிச்சைகள்.

அடுத்து, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகச் சந்தியுங்கள். "படிப்பு எப்படி?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்பார். குறிப்பாகக் கேளுங்கள். "ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) நீங்களே எத்தனை முறை ஊசி போட்டிருக்கிறீர்கள்? பக்கத்தில் யார் நின்றார்கள்? தவறு நேர்ந்தால் யாரிடம் சொல்வீர்கள்?" மூன்றாவது கேள்விக்கு அவர் தயங்காமல் ஒரு பதவியைச் சொன்னால் அது நல்ல இடம். ஆசிரியரின் துறையையும் விசாரியுங்கள். டயாலிசிஸ் மாணவர்களுக்கு டயாலிசிஸ் படித்தவர்தான் கற்றுத்தர வேண்டும். ஒரே ஆசிரியர் நான்கு படிப்புகளுக்கும் எல்லாப் பாடத்தையும் எடுக்கும் கல்லூரிகள் இருக்கின்றன.

ஆட்பற்றாக்குறையை மாணவர்களை வைத்து ஈடுகட்டும் மருத்துவமனைகளும் உண்டு. முதல் ஆண்டு மாணவரைத் தனியாக இரவுப் பணியில் போடுவதைச் சிலர் "நல்ல அனுபவம்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். மேற்பார்வை இல்லாத அனுபவம் மாணவருக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து. இரவுப் பணி எந்த ஆண்டில் தொடங்குகிறது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், பக்கத்தில் பதிவு பெற்ற பணியாளர் இருப்பாரா என்று எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

படி 5: பணமும் அசல் சான்றிதழ்களும்

கல்விக் கட்டணம் தவிர என்னென்ன என்று முழுப் பட்டியலை நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கேளுங்கள்: சீருடை, பல்கலைக்கழகப் பதிவு, தேர்வு, மருத்துவமனைப் பயிற்சிக் கட்டணம், இன்டர்ன்ஷிப் ஆண்டின் கட்டணம். கடைசியாகச் சொன்னதில் கவனம் தேவை. இன்டர்ன்ஷிப்பில் ஊக்கத்தொகை தரும் இடம் உண்டு, தராத இடம் உண்டு, அந்த ஆண்டுக்கும் கட்டணம் வசூலிக்கும் இடமும் உண்டு.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ரூ.1000 தருகின்றன. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் பின்னர் சேர்த்தார்கள். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. வங்கிக் கல்விக்கடன் கேட்கும்போது முதலில் வருவது படிப்பின் அங்கீகாரம் பற்றிய கேள்விதான். இரண்டாம் படியை ஒழுங்காக முடித்தவருக்கு அங்கே சிரமம் இருக்காது.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. படிப்பை விட்டு விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் அதே அறிவிப்பில் கணக்கு உண்டு. சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாளுக்கு 15 நாள் முன்னதாகவே விலகினால் முழுத் தொகை, 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசி நாளுக்குப் பின் 15 நாளுக்குள் 80 சதவீதம், 30 நாளுக்குள் 50 சதவீதம், அதன் பிறகு எதுவுமில்லை. கலந்தாய்வில் பெற்ற இடத்தைக் கைவிடுவோருக்கு விளக்கக் குறிப்பேட்டிலும் தனி விதிகள் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். சான்றிதழ்களின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். எதையாவது ஒப்படைக்க நேர்ந்தால் தேதி போட்ட ரசீது வாங்குங்கள்.

படி 6: வார்டுக்குள் போகும் முன் உடலைத் தயார் செய்யுங்கள்

நான் இரண்டாம் ஆண்டு மாணவனாக இருந்தபோது, ஒரு நோயாளியின் கையிலிருந்து எடுத்த ஊசி என் இடது பெருவிரலில் குத்தியது. அப்போது நான், இரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்றான ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசி போட்டிருக்கவில்லை. போட வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை. திட்டுவார்களோ என்ற பயத்தில் இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். பிறகு ஒரு மூத்த செவிலியரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர்தான் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தொற்று இல்லை என்று உறுதியாகும் வரை இருந்த அந்த ஆறு மாதக் காத்திருப்பை இன்னொரு மாணவர் அனுபவிக்கக் கூடாது என்பதால்தான் இந்தப் பகுதியை விரிவாக எழுதுகிறேன்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். கலந்தாய்வுக்குப் பெயர் கொடுத்த வாரத்திலேயே முதல் தவணையைப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளவைப் பார்க்க வேண்டும். 10 mIU/mL-க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று பொருள். தடுப்பூசி போடாதவருக்கு, நோய் உள்ளவரின் ஊசி குத்தினால் ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரைகூடப் போகலாம். எச்ஐவிக்கு அது ஆயிரத்தில் மூன்று அளவு.

ஊசி குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள். உடனே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாள் தொடர்ந்து சாப்பிட வேண்டும். ஆகவே சேரும்போதே கேட்க வேண்டிய கேள்வி: "மாணவருக்கு ஊசி குத்தினால் பரிசோதனைக்கும் மருந்துக்கும் யார் பணம் கட்டுகிறார்கள்? நள்ளிரவில் யாரை அழைக்க வேண்டும்?" எழுதி வைத்த பதில் இருக்கும் கல்லூரி மாணவரை மதிக்கும் கல்லூரி.

2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின் நிறங்களை முதல் வாரமே மனப்பாடம் செய்யுங்கள். இரத்தம் தோய்ந்த பஞ்சும் உடல் திசுக்களும் மஞ்சளில், பிளாஸ்டிக் குழாய்கள் சிவப்பில், ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில், கண்ணாடி நீலத்தில். ஊசிக் காயங்களில் பல, மூடியைத் திரும்பப் போட முயலும்போதும், தவறான பையில் ஊசியைப் போடுவதாலும் நேர்கின்றன.

கதிரியக்கத் துறை மாணவர்கள் உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜைத் தங்கள் பெயரில் கேட்டு வாங்க வேண்டும். அதை மார்பளவில், ஈய ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு அளவின் அலகு), எந்த ஒரு தனி ஆண்டிலும் 30. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் அளவு அறிக்கையில் உங்கள் எண்ணைப் பார்ப்பது உங்கள் உரிமை. கருவுற்றிருப்பது தெரிந்தால் உடனே துறைக்குத் தெரிவியுங்கள். கருவுக்கு வரம்பு மிகவும் குறைவு, பணியிடத்தை மாற்றித் தர வேண்டும்.

படி 7: வருகை, தேர்வு, லாக் புத்தகம்

வருகைப் பதிவு பல்கலைக்கழகத்துக்கு ஏற்ப 75 அல்லது 80 சதவீதம் என்று இருக்கும். பலர் கவனிக்காதது, அதைப் பாடவாரியாகவும், வகுப்புக்கும் செய்முறைக்கும் தனித்தனியாகவும் கணக்கிடுவதுதான். மொத்தத்தில் 85 இருந்தும் ஒரு செய்முறையில் 70 என்பதால் தேர்வு எழுத முடியாமல் போன மாணவி எங்கள் பிரிவில் இருந்தாள். அவள் தங்கைக்குத் திருமணம், ஊரில் திருவிழா, பிறகு காய்ச்சல். எல்லாமே நியாயமான விடுப்பு. கணக்கு மட்டும் அதைப் பார்க்காது. மாதம் ஒருமுறை உங்கள் சதவீதத்தைக் கேட்டுக் குறித்துவையுங்கள். மருத்துவ விடுப்பு என்றால் சான்றிதழை அதே வாரத்தில் கொடுங்கள்.

தேர்ச்சி மதிப்பெண் பெரும்பாலும் 50 சதவீதம். எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். எத்தனை பாடம் நிலுவையில் இருந்தால் அடுத்த ஆண்டுக்குப் போகலாம், படிப்பை முடிக்க அதிகபட்சம் எத்தனை ஆண்டு என்பவை பல்கலைக்கழக ஒழுங்குமுறைப் புத்தகத்தில் இருக்கும். அதைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் வேறு கல்லூரிக்கு மாறுவது அநேகமாக நடக்காத காரியம். "பிறகு மாறிக்கொள்ளலாம்" என்று நினைத்துச் சேராதீர்கள்.

நீங்கள் செய்த செய்முறைகளைப் பதியும் லாக் புத்தகத்தை அன்றன்றே எழுதி, அன்றே கையெழுத்து வாங்குங்கள். ஆண்டு முடிவில் உட்கார்ந்து நூறு பதிவுகளைக் கற்பனையாக நிரப்பும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது பொய், நோயாளியின் மேல் எழுதும் பொய். நோயாளியின் பெயரை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதுங்கள். வார்டிலோ அறுவை அரங்கத்திலோ படம், காணொளி எடுத்துச் சமூக வலைதளத்தில் போடாதீர்கள். முகம் தெரியாவிட்டாலும் அது இன்னொருவரின் துன்பம்.

படி 8: உங்களைக் காக்கும் விதிகள்

1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாடு 1997-ல் ராகிங் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு வரை சிறையும் ரூ.10,000 வரை அபராதமும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும். தேசிய உதவி எண் 1800-180-5522. துணை மருத்துவ மாணவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ராகிங் விடுதியில் மட்டுமின்றி வார்டிலும் நடக்கும். மூத்தவரின் பதிவேட்டை எழுதுவது, உணவு வாங்கி வருவது என்று வேலை ஏவும் வடிவில் வரும். அதுவும் ராகிங்தான்.

பாலியல் தொல்லை குறித்து 2013 சட்டத்தின்படி கல்லூரியில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். பயிற்சி நடக்கும் மருத்துவமனை வேறு நிறுவனம் என்றால், அங்கே யாரிடம் புகார் தருவது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துவையுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள்.

படி 9: பட்டம் வாங்கிய பிறகு

இன்டர்ன்ஷிப் முடிந்த சான்றிதழில் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, பணிபுரிந்த துறைகள் எல்லாம் தெளிவாக இருக்கட்டும். பாடத்திட்டத்தின் மணி நேரக் கணக்குடன் கூடிய மதிப்பெண் தொகுப்பைப் பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்டு இரண்டு பிரதிகள் வாங்கிவிடுங்கள். ஐந்தாண்டு கழித்துக் கேட்டு அலைவதைவிட இப்போது வாங்குவது எளிது. உங்கள் துறைக்குரிய குழுமத்தில் பதிவு செய்யுங்கள்.

அரசு வேலைக்கு, 2012-ல் தொடங்கிய மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பழைய அறிவிப்புகளை எடுத்துக் கல்வித் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். இதைப் படிப்பில் சேரும் முன்பே செய்திருந்தால் இன்னும் நல்லது. சில பணியிடங்களுக்கு அவர்கள் கேட்பது பட்டத்தை அல்ல, குறிப்பிட்ட சான்றிதழ்ப் படிப்பையோ டிப்ளமோவையோதான். நான்கு ஆண்டு படித்த பட்டதாரி, ஓராண்டு படித்தவருக்கான விண்ணப்பத்தில் தகுதியில்லாமல் நிற்பது அநீதி என்பதே என் கருத்து. இருந்தாலும் அறிவிப்பில் இருப்பதுதான் செல்லும்.

வளைகுடா நாடுகளுக்குப் போக விரும்பினால் பொதுவாக இரண்டு ஆண்டுப் பணி அனுபவமும், சான்றிதழ்களைப் படித்த இடத்திலேயே நேரடியாகச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ நடைமுறையும், உரிமத் தேர்வும் இருக்கும். பிரிட்டனில் ரேடியோகிராபர், பிசியோதெரபிஸ்ட் உட்பட 15 தொழில்களைச் சுகாதாரத் தொழில்கள் குழுமம் பதிவு செய்கிறது. அவர்கள் உங்கள் பாடத்திட்டத்தையும் பயிற்சி மணி நேரத்தையும் தங்களுடையதோடு ஒப்பிடுவார்கள். மேலே சொன்ன முத்திரையிட்ட தொகுப்பு அங்கேதான் கைகொடுக்கும்.

என் மாணவர் ஒருவர் துபாயில் வேலை உறுதியாகி, சரிபார்ப்பில் நான்கு மாதம் சிக்கிக்கொண்டார். பட்டச் சான்றிதழில் ஓர் எழுத்து முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயர். இரண்டும் ஒரே ஆள் என்று நிரூபிக்க வழக்கறிஞர், அரசிதழ், பல்கலைக்கழகம் என்று அவருடைய அம்மா தஞ்சாவூருக்கும் சென்னைக்கும் ஆறு முறை பஸ் ஏறினார். மூன்றாம் படியில் பெயரைச் சரிசெய்யச் சொன்னது இதற்காகத்தான். இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால், உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் இன்றே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.